எலி பிடிக்கும் நாயும் இல்லத்து நோயாளியும்

ஸ்ரீ ரமணாசிரமத்தில் பசு லட்சுமியின் சமாதிக்கு அருகே ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி உண்டு. நாயைத் துணையாகப் போற்றுவது திருவண்ணாமலைக்குப் புதிதன்று. இன்று, உடல்நலம் தேறிவரும் பெற்றோருக்குத் துணையாகட்டும் என்று பிள்ளைகள் சிறிய டெரியர் நாய்களை வாங்கித் தருகின்றனர்.

உருவம் சிறிதெனினும் டெரியர் மடிநாய் அன்று. அதன் பெயர் மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. வளைக்குள் புகுந்து எலியையும் நரியையும் விரட்டவே பிரித்தானியர் அதனை வளர்த்தெடுத்தனர். நம் சிப்பிப்பாறை முயலைத் துரத்தி ஓடும். டெரியரோ தோண்டும், குரைக்கும், கவ்வினால் எளிதில் விடாது. இதனைக் கீழ்ப்படியாமை என்று கடிந்து பயனில்லை.

தொங்கும் கட்டுத்துணியின் நுனியும், தரையில் இழுபடும் சிறுநீர்க் குழாயும் அதன் கண்ணுக்கு எலிவால்தான். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவரின் விரலை, அவர் உறங்கும்போது அது கடித்தாலும் அவர் அறியமாட்டார். ஆகவே அவர்தம் படுக்கையில் நாயை உறங்கவிடாதீர்கள். காலையில் பாதங்களைப் பாருங்கள். பல் பட்டிருந்தால் ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வீட்டு நாய்தானே என்று காத்திருக்க வேண்டா.