வடிவமைப்புக் கலையும் பட்டறைப் பாடமும்

நன்றாகப் படம் வரையும் மாணவியைப் பார்த்து, "இது சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்பதுண்டு. போடும் என்பதே நம் விடை. நாம் உடுத்தும் சேலையின் கரைக்கும், நீர் முகக்கும் சொம்புக்கும், படிக்கும் நூலின் அட்டைக்கும் எவரோ ஒருவர் சிந்தித்து வடிவம் கொடுத்திருக்கிறார். அத்தொழிலே வடிவமைப்பு. 1958-இல் இந்திய அரசுக்கு அறிக்கை அளித்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியர், நம் நாட்டுச் சொம்பையே சிறந்த வடிவத்திற்குச் சான்றாகக் காட்டினர். அதன் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

இக்கலையைப் புத்தகத்தால் மட்டும் கற்க இயலாது. தேர்ந்தவர் ஒருவரின் அருகிலிருந்து பார்த்து, செய்து, திருத்தம் பெற்றே கற்க வேண்டும். 1966-இல் கோத்தாரி கல்விக்குழு, வேலை அனுபவம் கல்வியின் ஓர் அங்கமாக வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 6 முதல் 8 வரையுள்ள வகுப்பினர் 10 நாள்கள் புத்தகப்பையின்றி, உள்ளூர்த் தச்சர், குயவர், ஓவியர் போன்றோரிடம் பயிலுமாறு கூறுகிறது.

மன்னார்குடியிலுள்ள நாம் ஆசான்களைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூரில் ஓவியர்களும், திருபுவனத்தில் பட்டு நெசவாளர்களும், சுவாமிமலையில் ஸ்தபதிகளும் உள்ளனர். சுவாமிமலை ஸ்தபதி, தென்னை ஓலையைச் சிலையின் உயரத்திற்கு நறுக்கி, மடித்து, அம்மடிப்புகளையே அளவுகோலாகக் கொள்வார். பின் மெழுகில் உருவம் சமைத்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பார். கணக்கும் கலையும் ஒன்றுசேர்வதை அவ்வோலையில் கண்ணால் காணலாம்.

பட்டறைக் கல்வி நெடுங்காலம் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. நெசவாளர் வீடுகளில் பெண்கள் நூல் சுற்றினர். தறியில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. இன்று அந்த நிலை மாறி வருகிறது. அகமதாபாத் நிறுவனத்திலும், 1995-இல் தொடங்கிய சென்னை தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்திலும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் நுழைவுத் தேர்வெழுதிச் சேரலாம். அதற்கு முன்னரே இத்தொழில் நமக்குப் பொருந்துமா என்று அறிந்துகொள்வது நன்று.

ஆகவே விடுமுறையில் ஐந்து நாள்களேனும் ஓர் ஆசானிடம் செல்வோம். ஆசிரியை ஒருவர் உடன் வரட்டும். உலைக்கு அருகில் செல்லலாகாது. ஏன் இந்த அளவு, ஏன் இந்தப் பொருள், பயன்படுத்துவோர் யார் என்று கேட்டு, விடைகளைக் குறிப்பேட்டில் எழுதுவோம். இறுதி நாளில் நாமே ஒரு வடிவம் வரைந்து ஆசானிடம் காட்டுவோம். அவர் திருத்தும் கோட்டில்தான் பாடம் இருக்கிறது. அத்திருத்தம் பெறாவிட்டால் நாம் போய்வந்தது வெறும் சுற்றுலாவே.