எண்டர் விசைக்கு முன் ஓர் ஊகம்

பன்னிரண்டாம் வகுப்பில், செய்முறைப் பதிவேட்டிலுள்ள பைத்தான் நிரலை ஒரு புள்ளி பிசகாமல் எழுதிவிடும் மாணவர், அதில் ஓர் எண்ணை மாற்றி "இப்போது விடை என்ன?" என்றால் மௌனமாகிவிடுகிறார். இந்த மௌனத்தைக் கலைக்க நான் நம்புவது, ஸ்கிரிப்ட் முறைக்குப் போகும் அவசரத்தில் நாம் கடந்துவிடும் ஊடாடும் முறையைத்தான். ஒரு வரி உள்ளிட்டால் உடனே விடை வரும். என் வகுப்பில் ஒரே விதி: விடையை ஊகித்து நோட்டில் எழுதாமல் எண்டர் விசையைத் தொடக்கூடாது.

>>> -3 ** 2
-9
>>> -7 // 2
-4

பெரும்பாலான நோட்டுகளில் 9, -3 என்றே இருக்கும். அடுக்கேற்றம் முதலில், கழித்தல் குறி பிறகு என்பதும், // செயற்குறி எண்கோட்டில் இடப்புறமுள்ள முழு எண்ணுக்கே செல்லும் என்பதும் அப்போதுதான் விவாதமாகின்றன. கணித ஆசிரியரும் உடனிருந்தால் அந்தப் பாடவேளை போதாது.

பைத்தான் 3 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம்.

>>> விலை = 40
>>> விலை * 3
120
>>> _ / 2
60.0

கடைசி விடையை அடிக்கோடு நினைவில் வைத்திருக்கும். இது ஊடாடும் முறைக்கே உரிய வசதி. 60 ஏன் 60.0 ஆனது என்று மாணவர்களே கேட்கட்டும்.

இந்தச் சாளரத்தை நம் வகுப்புக்கேற்ப மாற்றவும் முடியும். தூண்டுகுறியை அலங்கரிப்பதெல்லாம் நேர விரயம் என்பது என் கருத்து. பயனுள்ளது தொடக்கக் கோப்புதான். பைத்தான்ஸ்டார்ட்அப் என்ற சூழல் மாறியில் (ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், இடைவெளியின்றி) ஒரு கோப்பின் முகவரியைக் கொடுத்தால், தூண்டுகுறி தோன்றுமுன் அக்கோப்பு இயங்கிவிடும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கூறை அதில் இறக்குமதி செய்து, மீன், மீடியன் செயற்கூறுகளுக்குச் சராசரி, இடைநிலை என்று பெயர் சூட்டினேன். பத்தாம் வகுப்பு மாணவர்களும் வந்து அமர்ந்தார்கள்.

>>> சராசரி([40, 42, 44, 46])
43
>>> சராசரி([40, 42, 44, 98])
56
>>> இடைநிலை([40, 42, 44, 98])
43.0

ஒரே மதிப்பெண் மாறியதில் சராசரி 13 கூடியது, இடைநிலை அசையவில்லை. கரும்பலகையில் இத்தனை விரைவாகக் காட்டுவது கடினம்.

ஐடில் சாளரம் இக்கோப்பைத் தானாகப் படிக்காது. கட்டளைச் சாளரத்தில் பைத்தானைத் திறக்க வேண்டும். சில சாளரங்களில் கொம்பும் காலும் பிரிந்து தெரியலாம், கணக்கு தவறாது. ஸ்கிரிப்ட் முறையில் தொடக்கக் கோப்பு இயங்காது. எனவே தேர்வுக்கு எழுதும் நிரலில் இறக்குமதி வரியை மாணவர் தாமே எழுதியாக வேண்டும். இதை அடிக்கடி நினைவூட்டுங்கள்.

லினக்ஸ் கணினிகளில் இன்னொன்றைக் கவனியுங்கள். உள்ளிட்ட வரிகள் பயனரின் முகப்புக் கோப்புறையில் மறைகோப்பாகச் சேமிக்கப்படும். அடுத்த குழு மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய குழு உள்ளிட்ட வரிகளெல்லாம் வரிசையாக வரும். மறுபடி எண்டர் தட்டினால் போதும், ஊகம் போய்விடும். குழு மாறும்போது அக்கோப்பை அழித்துவிடுகிறேன்.