காலைப் பார்க்காமல் இதயத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. பல வருடமாகச் சர்க்கரை, பீடிப் பழக்கமும் உண்டு. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்கச் சொன்னார்கள். தெருமுனை டீக்கடை வருவதற்குள் இடது ஆடுசதை பிடித்து இழுக்கிறது என்று நின்றுவிடுகிறார். இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிறது. மறுபடி நடந்தால் மறுபடி வலி. கொழுப்பு மாத்திரைதான் காரணம் என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னதைக் கேட்டு, மூன்று வாரமாக அதை நிறுத்திவிட்டார். வலி குறையவில்லை. ஸ்டென்ட் வைத்ததால் வந்த வலியா இது?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: ஸ்டென்ட் காரணமில்லை. மாத்திரையும் பெரும்பாலும் காரணமில்லை. முதல் வேலையாக இதய டாக்டருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு, நிறுத்திய மாத்திரையை இன்றைக்கே திரும்ப ஆரம்பிக்க வையுங்கள். ஸ்டென்ட் வைத்து நான்கே மாதமான ஒருவர் ஸ்டாட்டினை நிறுத்தியிருக்கிறார் என்பது, அவருடைய கால்வலியைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளையாவது ஒழுங்காகப் போடுகிறாரா என்று அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். ‘இங்கிலீஷ் மருந்தெல்லாம் சூடு’ என்று மொத்தமாக ஓரங்கட்டுகிற வீடுகள் உண்டு.

ஸ்டாட்டினால் வரும் தசைவலி வேறு மாதிரி. பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், உட்கார்ந்திருந்தாலும் வலிக்கும். முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அவர்களுக்குச் சும்மா நின்றால் போதாது, உட்காரவோ முன்னால் குனியவோ வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நின்றாலே சரியாகிறது, அதுவும் ஏறக்குறைய அதே தூரத்தில் வலி வருகிறது. காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஆஞ்சியோவை இடது தொடை இடுக்கு வழியாகச் செய்திருந்து, அதற்குப் பிறகுதான் வலி ஆரம்பித்தது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அபூர்வமாக, ஊசி போட்ட இடத்துத் தமனியே பாதிக்கப்பட்டிருக்கலாம்.

‘அப்படியானால் இதற்கு முன் ஏன் வலிக்கவில்லை?’ என்று கேட்பீர்கள். முன்பு அவர் இவ்வளவு தூரம் நடந்திருக்க மாட்டார். நடக்கச் சொன்ன பிறகுதான் கால் தன் குறையைச் சொல்கிறது. இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: கால்வலியால் நூறடிக்கு மேல் நடக்காதவர்களுக்கு, இதயத்தில் அடைப்பு இருந்தும் நெஞ்சுவலி வருவதில்லை. நெஞ்சு வலிக்கும் அளவுக்கு அவர்கள் இதயத்துக்கு வேலையே கொடுப்பதில்லையே!

கண்டுபிடிப்பது எளிது. பத்து நிமிடம் படுக்க வைத்து, இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் பி.பி. பார்க்க வேண்டும். ஸ்டெத்தாஸ்கோப்புக்குப் பதில் பேனா அளவில் ஒரு டாப்ளர் கருவி. கணுக்காலில் வைத்தால் நாடித்துடிப்பு ‘உஸ்... உஸ்...’ என்று கேட்கும். பட்டையில் காற்றை ஏற்றினால் சத்தம் நிற்கும், மெல்ல இறக்கும்போது எந்த அளவில் திரும்பக் கேட்கிறதோ அதுதான் கணுக்கால் அழுத்தம். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் 84-ஐ 140-ஆல் வகுத்து 0.6. ஒன்றுக்கு மேல் 1.4 வரை சரியான அளவு, 0.9-க்கு வந்துவிட்டாலே அடைப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். நெடுநாள் சர்க்கரைக்காரர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. தமனிச் சுவரில் கால்சியம் படிந்து, பட்டையால் அதை நசுக்கவே முடியாது. அளவு 1.4-ஐத் தாண்டிக் காட்டும். ‘நார்மலுக்கு மேலேயே இருக்கிறது’ என்று சந்தோஷப்படக் கூடாது. கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். இதயத்திலும் அடைப்பு, காலிலும் அடைப்பு என்றால் அவை இரண்டு நோய்கள் இல்லை. ஒரே நோய் இரண்டு இடத்தில் தலைகாட்டுகிறது. 44 நாடுகளில் 68,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ‘ரீச்’ பதிவேட்டின் கணக்கு 2007-இல் வெளியானது. இதயம், மூளை, கால் என்ற மூன்றில் ஓரிடத்தில் மட்டும் தமனி நோய் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு ஒரே வருடத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம், அல்லது தமனி அடைப்புக்காக மருத்துவமனையில் சேர்வது என ஏதாவது ஒன்று நேர்ந்தது. இரண்டு இடங்களில் நோய் இருந்தவர்களில் அது 21 பேர். ஸ்டென்ட் சரியான இடத்தில் சரியாகவே உட்கார்ந்திருக்கலாம். மீதி உடம்பின் தமனிகள் அப்படியேதானே இருக்கின்றன?

வேடிக்கை என்னவென்றால், இதயத்துக்குச் செய்யும் இந்தச் சிகிச்சை முதலில் பிறந்ததே காலில்தான். 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், கால் அழுகத் தொடங்கியும் அதை வெட்டியெடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பாட்டிக்கு, சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர் தமனிக்குள் குழாய் விட்டு அடைப்பை விரித்தார். ஆண்ட்ரியாஸ் கிருன்ட்சிக் சூரிச்சில் இதயத் தமனியில் பலூன் வைத்தது 1977-இல். இன்றைக்கு இதய சிகிச்சைக்கு வருகிறவரின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் குறைவு என்பதை ஒரு மருத்துவனாகவே சொல்கிறேன்.

அப்பா என்ன செய்ய வேண்டும்? பீடியை அடியோடு விட வேண்டும், ‘நாளைக்கு ரெண்டே ரெண்டு’ என்ற பேரமெல்லாம் வேண்டாம். எல்.டி.எல். கொழுப்பு 55-க்குக் கீழே வருகிறதா என்று பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டலாம். இதய டாக்டர் சம்மதித்தால், வலியோடு நடப்பதுதான் வைத்தியம்: வலி ஓரளவுக்கு ஏறும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடப்பது. ஓய்வையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, மூன்று மாதம். டீக்கடை தாண்டிப் போக முடிவது பலருக்கும் இப்படித்தான். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் மட்டும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சிலோஸ்டசால் என்ற மாத்திரை நடக்கும் தூரத்தைக் கூட்டும். ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டாமல் அதை வாங்கிப் போட வேண்டாம்.

கேள்வி: இதயத்தில் மூன்று குழாய் அடைப்பு. பைபாஸுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். காலிலும் அடைப்பு இருப்பது இரண்டு வருடமாகத் தெரியும். ஆபரேஷனில் எனக்கு ஆபத்து அதிகமா?
- ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், தூத்துக்குடி

பதில்: ஆமாம், அதிகம்தான். ஆபரேஷனுக்கு முன் ஆபத்தைக் கணக்கிடும் ‘யூரோஸ்கோர்’ முறையில் இதயத்துக்கு வெளியே உள்ள தமனி நோய்க்கென்றே தனி மதிப்பெண் இருக்கிறது. அதற்காக ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள், மூன்று குழாய் அடைப்பில் பைபாஸால் கிடைக்கிற பலனும் பெரிது. உங்கள் சர்ஜனுக்குக் கால் விஷயம் தெரியுமா என்பதுதான் என் கேள்வி. அந்தப் பழைய டாப்ளர் ரிப்போர்ட்டைத் தேடியெடுத்து அவர் கையில் கொடுங்கள்.

பைபாஸுக்கு வேண்டிய ரத்தக்குழாயைப் பெரும்பாலும் காலிலிருந்துதான் எடுப்பார்கள். ரத்த ஓட்டம் குறைந்த காலில் கீறினால் புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். எந்தக் காலில், எந்த உயரத்தில் எடுப்பது என்று முன்பே யோசிக்க அவகாசம் வேண்டும். நெஞ்சின் உட்புறத்திலிருந்து எடுத்து ஒட்டும் தமனி, இடது கைக்குப் போகும் பெரிய தமனியின் கிளை. அந்தப் பெரிய தமனியிலேயே அடைப்பு இருந்தால், ஒட்டி என்ன பயன்? இரண்டு கையிலும் பி.பி. பார்த்து, இடது கையில் 15 புள்ளிக்கு மேல் குறைந்தால் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்துவார்கள். இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கழுத்துத் தமனியையும் சிறுநீரகத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்டென்ட் வைக்க வருபவர்களுக்கும் இது பொருந்தும். தொடைத் தமனியில் அடைப்பு உள்ளவருக்கு அந்த வழியாகப் போனால் ரத்தக்கசிவும் சிக்கலும் கூடும். முடிந்தவரை மணிக்கட்டு வழியாகப் போவதே நல்லது.

கேள்வி: அம்மாவுக்குக் காலில் பைபாஸ் செய்ய வேண்டும் என்கிறார்கள். நெஞ்சுவலி எதுவும் இல்லை. இதய அடைப்பை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் காலைத் தொட வேண்டுமா?
- வாசகர், வேலூர்

பதில்: கட்டாயமில்லை. இதே கேள்வியோடு அமெரிக்காவில் 510 பேரிடம் நடத்திய ‘கார்ப்’ ஆய்வு 2004-இல் வெளியானது. இதயம் நிலையாக உள்ளவர்களுக்கு முன்கூட்டியே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்ததால் உயிரிழப்பு குறையவில்லை, தமனி ஆபரேஷன் தள்ளிப்போனதுதான் மிச்சம். ஆனால் இடது பிரதான இதயத் தமனியில் அடைப்பு உள்ளவர்களையும், இதயம் மிகவும் பலவீனமானவர்களையும் அதில் சேர்க்கவில்லை. அம்மாவுக்கு அப்படி ஏதும் இல்லையென்று எக்கோவில் ஆரம்பித்து இதய டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பாதத்தில் ஆறாத புண்ணோ, ராத்திரியில் காலைத் தொங்கப்போட்டால்தான் தூக்கம் வரும் என்ற நிலையோ இருந்தால் நாள் கடத்தாதீர்கள்.

கேள்வி: கால் அடைப்புக்கு வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்த்து நீவுவது நல்லதா?
- வாசகி, தேனி

பதில்: இரண்டுமே அடைப்பைக் கரைக்காது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்கு வெந்நீரின் சூடு தெரியாது. காலையில் பார்த்தால் கொப்புளம் இருக்கும், ரத்த ஓட்டம் இல்லாத காலில் அது ஆறுவதும் கடினம். வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொள்ளலாம், விரல் இடுக்கில் வேண்டாம். கால் திடீரென்று ஜில்லிட்டு வெளுத்து, பொறுக்க முடியாமல் வலித்தால் நீவிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.