பதினெட்டு வயதும் ஜீவனாம்சமும்

தாயும் தந்தையும் பிரிந்து வாழும் இல்லங்களில், தந்தை மாதந்தோறும் தரும் ஜீவனாம்சத்தைக் கொண்டு படிக்கும் மாணவரும் உண்டு. மேல்நிலைப் படிப்பை முடித்து அவர் கல்லூரியில் சேரும்போது வயது 17. முதலாண்டு முடிவதற்குள் 18 நிறைந்துவிடும். அந்தப் பிறந்த நாளோடு பணமும் நின்றுவிடுமா?

1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதற்கு 125ஆம் பிரிவில் விடை தந்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத மைனர் குழந்தைக்கு, அது முறைப்படியான மணத்தில் பிறந்ததாயினும் அல்லாததாயினும், வசதியுள்ள தந்தை ஜீவனாம்சம் தர வேண்டும். 18 நிறைந்தவர் மைனர் அல்லர். அதன்பின் இப்பிரிவின்கீழ் உரிமை நீடிப்பது, உடல் அல்லது மனக் குறைபாட்டினாலோ காயத்தினாலோ பிழைக்க வழியற்றவருக்கு மட்டுமே. மணமான மகளுக்கு அதுவும் இல்லை. கல்லூரியில் படிப்பதை இயலாமையாகச் சட்டம் கருதவில்லை!

ஆயினும் இந்துக் குடும்பத்து மகளுக்கு வேறொரு வழி திறந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, சொந்த வருவாயிலோ சொத்திலோ வாழ இயலாத மணமாகாத மகளையும் பெற்றோர் காக்க வேண்டும் என்கிறது. இதற்கு வயது வரம்பு இல்லை. ஆனால் மாஜிஸ்திரேட்டிடம் 125ஆம் பிரிவு மனுவிலேயே இதைக் கேட்க முடியாது, இச்சட்டத்தின்கீழ்த் தனியே வழக்கிட வேண்டும் என்று 2020இல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

மகனுக்கு இத்தகைய வாசகம் இல்லை. இது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. கல்லூரிக் கட்டணம் இருவருக்கும் ஒன்றுதானே? 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் இக்குறையைச் சற்றே நிரப்பியது. 18 வயதோடு மகனின் கல்விச் செலவு முடிந்துவிடுவதில்லை, முழுச் சுமையையும் தாயின் தலையில் ஏற்றலாகாது என்று கூறி, மகன் பட்டம் பெறும்வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும்வரை மாதம் 15,000 ரூபாய் வழங்கச் சொன்னது. பணம் மகனுக்கன்று, தாய்க்கு இடைக்கால ஜீவனாம்சமாக வழங்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் மாநில நீதிமன்றங்களை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டி வாதாடலாம்.

இன்னொன்று. 18 நிறைவதற்கு முன் சேர்ந்த பாக்கி அந்நாளோடு அழிந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு மாதத் தொகையும் தரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தால்தான் அதை வசூலிக்க வாரண்டு கிடைக்கும். “பையன் பரீட்சை முடியட்டும்” என்று தாய் காத்திருந்தால் அந்த ஓராண்டு ஓடிவிடும்.