கோரை எது, புல் எது? ஏரிக்கரையில் ஒரு பாடம்

அம்பத்தூர் பக்கம் ஓர் ஏரிக்கரையில் தூய்மைப் பணி. ஞாயிற்றுக்கிழமை காலை கையுறை, கோணிப்பை சகிதம் நானும் போயிருந்தேன். பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்கி முடித்த பிறகும் நேரம் மீதி இருந்தது. "இந்தக் களையையும் எடுத்துடலாமே" என்று யாரோ சொல்ல, கரையோரம் பச்சையாகத் தெரிந்த எல்லாவற்றையும் பிடுங்க ஆரம்பித்தோம். மாடு ஓட்டி வந்த ஒரு பாட்டி நின்று பார்த்தார். "இன்னாம்மா, கோரையப் புடுங்கிப் போட்டுட்டு தண்ணிப்புல்ல வுட்டு வச்சிருக்கீங்க?" என்றார். எங்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிடுங்கிய குவியலுக்குள் ஒரு பறவைக்கூடு இருந்தது. காலிக் கூடுதான். இருந்தாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆவடி பருத்திப்பட்டு, கொரட்டூர், அம்பத்தூர், அயப்பாக்கம் என்று நம் மேற்குப் புறநகரில் ஏரிகளுக்குக் குறைவில்லை. நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களும் அதிகம். கரையில் நிற்கும் செடிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள்தான் குறைவு. இத்தனைக்கும் இது நமக்குப் புதிய பாடமில்லை. வெளிப்புறம் வைரம் பாய்ந்ததைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்தது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும்கூடப் புல்தான்! 1921-ல் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியின் தாவரவியலாளர் ரங்காச்சாரியார், தென்னிந்தியப் புற்களுக்கென்றே படங்களோடு ஒரு கையேடு எழுதினார். சென்னை அரசு அச்சகம் அதை வெளியிட்டது. புல்லைப் பார்த்துப் பெயர் கண்டுபிடிக்க அரசு செலவில் புத்தகம் போட்டு நூறு வருடம் தாண்டிவிட்டது.

சரி, கரைக்குப் போவோம். முதலில் தண்டைத் தொடுங்கள். கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தண்டை வைத்து உருட்டுங்கள். சீராக உருளாமல் மூன்று பக்கமும் விளிம்பு தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் கோரை. வழவழவென்று உருண்டால் புல்லாக இருக்கலாம்.

"இருக்கலாம்" என்று சொல்லக் காரணம் உண்டு. கோரைக் குடும்பத்திலேயே எலியோகாரிஸ் என்று ஒரு வகை. ஆழமில்லாத தண்ணீரில் பச்சை ஊசிகளை நட்டு வைத்தது போல் நிற்கும். அதன் தண்டு பெரும்பாலும் உருண்டைதான். ஆனால் இலை என்று தனியாக எதுவும் தெரியாது. தண்டின் நுனியில் ஒரே ஒரு சிறு கதிர் மட்டும் இருக்கும். எனவே உருட்டிப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது.

அடுத்து கணு. கரும்பிலும் மூங்கிலிலும் பார்க்கிறோமே, அதே கணு. இரண்டுமே புல் குடும்பம்தான். புல்லின் தண்டில் கணுக்கள் புடைத்துத் தெரியும். கணுக்களுக்கு இடையே பெரும்பாலும் உள்ளீடற்றுக் குழாயாக இருக்கும். கோரையின் தண்டை அடியிலிருந்து பூ வரைக்கும் தடவிக்கொண்டே போனால் கணு தட்டுப்படாது. அறுத்துப் பார்த்தால் உள்ளே சோறு நிரம்பியிருக்கும்.

மூன்றாவது, இலை தண்டைப் பிடித்திருக்கும் இடம். செடியை மேலிருந்து பாருங்கள். புல்லில் இலைகள் இரண்டு வரிசையாக, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று போகும். கோரையில் மூன்று திசையில் பிரியும். இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றி உறை போட்டிருக்கும். புல்லில் அந்த உறை பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்த சட்டை மாதிரி இருப்பதால் பிரித்து எடுக்கலாம். கோரையில் அது மூடிய குழாய், கிழித்தால்தான் வரும்.

இலையும் உறையும் சேரும் மூட்டின் உட்புறத்தில் சின்ன நாக்கு போல ஒரு சவ்வு இருக்கும். அதைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. நெல்லில் இந்த நாக்கு நீளமாக, நுனி பிளந்து, தெளிவாகத் தெரியும். நெல்லோடு நெல்லாக வளர்ந்து ஏமாற்றும் குதிரைவாலிக் களைக்கு நாக்கே கிடையாது. பூக்கும் முன்பே இரண்டையும் பிரிக்க இதுதான் வழி. அருகம்புல்லில் சவ்வுக்குப் பதில் மெல்லிய மயிர் வரிசை இருக்கும். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள், போதும்.

இனி பாட்டி சொன்ன தண்ணீர்ப்புல். ஆப்பிரிக்காவிலிருந்து மாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்டது. தண்டு தண்ணீர் மேல் படுத்துப் பரவி, கணுவுக்குக் கணு வேர் விடும். அந்தக் கணுக்களைச் சுற்றி வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும். இந்த மயிர்க்கணுதான் அதன் ஆதார் அட்டை! கழிவுநீர் கலக்கும் இடத்தில் இன்னும் செழிப்பாக வளரும். மாட்டுக்கு நல்லது, ஏரிக்கு அவ்வளவு நல்லதில்லை. திறந்த நீர்ப்பரப்பைப் பாய் விரித்தது போல மூடிவிடும். துண்டாக அறுத்துத் தண்ணீரிலேயே விட்டால் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகிவிடும்.

ஆள் உயரத்துக்கு நிற்கும் சம்புவை எல்லோருக்கும் தெரியும். பட்டையான நீள இலை, உள்ளே பஞ்சு போன்ற காற்றறைகள், நடுவே பழுப்பு நிறத்தில் உருட்டுக்கட்டை போன்ற பூங்கதிர். அது புல்லும் இல்லை, கோரையும் இல்லை, தனிக் குடும்பம். நாணலோ அசல் புல். கணு உண்டு, பூக்கும்போது வெள்ளிப் பஞ்சாக அசையும்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். தாழைக்கோழி கூடு கட்டுவது கோரை, சம்புத் திட்டுகளுக்குள். முக்குளிப்பான் தன் மிதக்கும் கூட்டை நீர்ச்செடிகளோடு பிணைத்து வைக்கிறது. அலை அடிக்கும் கரையில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதும் இந்த வேர்கள்தான். அதே சம்பு மதகை அடைத்துக்கொண்டால் அகற்றத்தான் வேண்டும். எதை, எங்கே, எவ்வளவு என்பதைத் துறைதான் முடிவு செய்ய வேண்டும். ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் நாமாக இறங்கிப் பிடுங்கக் கூடாது. அன்றைக்கு நாங்கள் செய்தது தப்பு.

புகார் கொடுப்பதாக இருந்தால் "ஏரியில் புதர் மண்டிக் கிடக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். "மதகுக்கு அருகே சம்பு அடைத்துள்ளது", "கழிவுநீர் வாய்க்கால் சேரும் இடத்தில் தண்ணீர்ப்புல் பரவியுள்ளது" என்று இடத்தையும் செடியையும் குறிப்பிட்டு, படத்தோடு அனுப்புங்கள். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குள் வருவதால் அங்குள்ளவர்கள் 1913-க்கும் அழைக்கலாம். ஆவடி தனி மாநகராட்சி.

படம் எடுப்பதிலும் ஒரு விஷயம். தூரத்தில் நின்று எடுத்த பச்சைப் படத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. முழுச் செடி, கணு, இலை மூட்டு, தண்டின் குறுக்குவெட்டு, பூ என்று தனித்தனியாக எடுங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். கீழே விழுந்து கிடக்கும் தண்டே போதும், புதிதாக ஒடிக்க வேண்டாம். இலை விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும், கையுறை அவசியம். கையில் ஒரு குச்சியும் இருக்கட்டும், பாம்புக்கு அந்த இடம் வீடு. தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து, தை மாதத்தில் கரையோரம் தண்ணீர் கொஞ்சம் இறங்கும்போது போனால் நிறைய பூங்கதிர்கள் பார்க்கலாம். அப்போதும் பிடிபடாத செடி இருந்தால், அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையில் படத்தைக் காட்டிக் கேளுங்கள். பாட்டி மாதிரி மாடு மேய்ப்பவர் யாராவது கரையில் இருந்தால் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.