சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு

அட்டன் கடைவீதியைச் சுற்றிக் காட்டச் சொல்லி யாராவது கேட்டால், எந்தத் திகதியில் வருகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். தோட்டங்களில் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி வரும். அதற்கு அடுத்த ஞாயிறு காலை டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை பஸ்கள் நிறைந்து வந்து இறக்கிவிடும். ஆறு நாள் கொழுந்து எடுத்த பெண்கள் அன்றைக்குக் கூடை இல்லாமல், நல்ல சேலை உடுத்தி, தலையில் பூவோடு நடப்பார்கள். மற்ற நாட்களிலும் இதே கடைகள்தான் இருக்கும். ஆனால் அவை யாருக்காக இருக்கின்றன என்பது அன்றுதான் தெரியும்.

அம்மாவுக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் அடகுக் கடை. வட்டியைக் கட்டி, முடிந்த மாதத்தில் தோட்டை மீட்டு, முடியாத மாதத்தில் புதுத் துண்டைச் சுருக்குப்பைக்குள் மடித்து வைத்த பிறகுதான் அரிசி, மா, கருவாடு எல்லாம். ஊர் பார்க்க வருகிறவர்கள் அடகுக் கடையைக் கடந்து போய்விடுகிறார்கள். நான் போகவிடமாட்டேன். பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கும் காலத்திலும், கலியாண மாதங்களிலும் அந்தப் படியில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால் மலையகத்தின் வரவு செலவு விளங்கும். துண்டு என்ற சொல்லே எங்களுக்குச் சாதாரணச் சொல் அல்ல. தொழிலாளியின் கடனைக் காகிதத்தில் எழுதி, அந்தக் கடனைத் தீர்க்கிற தோட்டத்துக்கு அவரையே கைமாற்றிவிட்ட துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. என் பாட்டியின் தலைமுறை அதைக் கண்டது.

அடுத்தது இரும்புச் சாமான் கடை. நினைவுப் பொருள் வாங்க விரும்புகிறவர்களை நான் இங்கேதான் கூட்டி வருவேன். கவ்வாத்துக் கத்தி, புல் சுரண்டி, முள்ளு, இடுப்பில் கட்டும் படங்கு, ஒரு மூலையில் கம்பளி. தேயிலைத் தோட்டத்தின் முழு வேலையும் இந்த ஒரு சுவரில் தொங்கும். அப்பா கத்தியை நகத்தால் சுண்டிக் காதருகே பிடிப்பார். ஓசை நீண்டு நின்றால்தான் காசை எடுப்பார். கடைக்காரரிடம் எது எதற்கு என்று கேளுங்கள், சலிக்காமல் சொல்வார். வாங்காவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் கத்தி பார்க்க வந்த தொழிலாளிக்கு முதலில் இடம் விடுங்கள்.

துணிக்கடைக்குள் நுழையும்போதெல்லாம் எனக்குக் கோ. நடேசய்யர் நினைவு வரும். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குள் போய் மக்களின் நிலையைப் பார்த்தவர் அவர். பின்னாளில், 1931இல், தோட்டத் தொழிலாளருக்கான தொழிற்சங்கத்தை அட்டனில் வைத்தே நடத்தினார். அன்று தோட்டத்தின் வாசல் புடவை மூட்டைக்காரருக்கு மட்டும் திறந்திருந்தது. இன்று அந்த லயத்துப் பெண்களின் பேத்திகள் நகரத்துக் கடையில் உட்கார்ந்து, பத்துச் சேலையை விரிக்கச் சொல்லி, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்து போகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

மரக்கறிச் சந்தையில் ஒரு பாடம் படித்தேன். பலகையில் இருந்த விலையைக் கிலோ விலை என்று நினைத்து இரண்டு கிலோ லீக்ஸ் நிறுக்கச் சொல்லிவிட்டேன். மூலையில் சின்னதாக 250 என்று எழுதியிருந்தது. கால் கிலோ விலை எழுதுவது இங்கே வழக்கம். கையிலிருந்த காசு போதாமல் திருப்பிக் கொடுத்தபோது, "அதுக்கென்ன தங்கச்சி, பிறகு வாங்க" என்றார் வியாபாரி. அன்றிலிருந்து அவரிடம்தான் வாங்குகிறேன். சிங்கள வியாபாரியிடம் "கீயத?" என்று கேட்டால் தமிழில் விலை சொல்வார், பாதிப் பேச்சு அந்த மொழி, மீதி இந்த மொழி. கரட் வாங்கினால் மண்ணோடு இருப்பதைக் கேளுங்கள். கழுவிய கரட் பளபளக்கும், ஆனால் சீக்கிரம் அழுகும். பாணை இன்னும் றாத்தல் கணக்கில்தான் கேட்போம். ஒரு றாத்தல் பாண் என்றால் 450 கிராம்.

தேயிலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீதியோரக் கடையொன்றில் அழகான மரப்பெட்டியில் வாங்கிய தூள், ஊற்றினால் வெறும் நிறம்தான் தந்தது. பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். தூளைக் கையில் கொட்டிப் பாருங்கள்: கறுப்பாக, ஒரே அளவாக, காம்பும் நாரும் இல்லாமல் இருக்க வேண்டும். பொதி செய்த திகதியைப் பாருங்கள். வாளேந்திய சிங்க முத்திரை இருந்தால் அது இலங்கையிலேயே பொதி செய்த கலப்பில்லாத இலங்கைத் தேயிலை. அட்டன், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை, பனியும் வறண்ட காற்றும் சேரும் நாட்களில், மணம் கூடும். நுவரெலியாத் தேயிலையின் சாயம் வெளிறித்தான் இருக்கும், அது குறையல்ல.

நுவரெலியாவுக்குப் போனால் ஏப்ரலைத் தவிருங்கள், அது கூட்டத்தின் மாதம். எல்லாரும் 1894ஆம் ஆண்டுத் தபால் நிலையத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்புவார்கள். பழைய கடைக்காரர் யாராவது பேச உட்கார்ந்தால் கேளுங்கள். 1983 ஜூலை இனக் கலவரத்தில் நுவரெலியாக் கடைவீதி எரிந்தது. எரிந்த இடத்திலேயே திரும்பக் கடை போட்டவர்களும் இருக்கிறார்கள்.

அம்மாவின் வரிசையில் கடைசி, தேத்தண்ணிக் கடை. பிளேன்டீயும் உளுந்து வடையும். வீட்டில் இருப்பவர்களுக்கு நான்கு வடை தாளில் சுற்றி வாங்குவார். பிறகு பஸ். என்னோடு வருகிறவர்களையும் மாலைத் தோட்ட பஸ்ஸில்தான் ஏற்றுவேன். உட்கார இடம் கிடைத்தால், நிற்கிற அக்கா ஒருவர் கேட்காமலே தன் மா மூட்டையை உங்கள் மடியில் வைப்பார். இறங்கும்வரை பிடித்துக்கொள்ளுங்கள்.