புதுக்கவிதையும் அன்றாட வாழ்வும்

பாட்டிற்கு உரிய பொருள் இது, உரியதல்லாத பொருள் இது என்று எல்லை வகுப்போர் உளர். மன்னரின் வெற்றியும் மலையின் உயர்வும் நிலவின் ஒளியும் பாடத் தக்கவை என்பர். அடுப்பும் புகையும் கடைத்தெருவும் பேருந்தும் பாட்டிற்கு ஆகா என்பர். தமிழ்ப் புலவர் இவ்வெல்லையை ஒருநாளும் ஒப்புக்கொண்டவரல்லர்.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டு இதற்குச் சான்றாகும். அதனைப் பாடியவர் கூடலூர் கிழார். மணம்புரிந்து இல்லறம் தொடங்கிய மகளைக் கண்டு மீண்ட செவிலித்தாய், தான் கண்டதை நற்றாய்க்குக் கூறுவதாக அப்பாட்டு அமைந்துள்ளது. அவள் கொண்டுவந்தது பெருஞ்செய்தி அன்று. தலைவி முற்றிய தயிரைக் கையால் பிசைந்தாள். அவ்விரலை ஆடையில் துடைத்துக்கொண்டாள். தாளிப்பின் புகை அவள் கண்களில் படிந்தது. அவள் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் சுவைத்துப் பாராட்டி உண்டான். அவள் முகம் மலர்ந்தது. இவ்வளவே செய்தி.

ஆயினும், அம்மலர்ச்சி நுட்பமாகத் தோன்றியது என்கிறார் புலவர். அந்த ஒரு சொல்லை நீக்கிவிட்டால், கணவன் பாராட்ட மகிழ்ந்த மனைவி ஒருத்தியே எஞ்சுவாள். அச்சொல் நிற்பதால் இருவர் புலப்படுகின்றனர். மகிழ்ச்சியை மறைக்க முயன்ற இளம்பெண் ஒருத்தி. மறைத்ததையும் கண்டுகொண்ட தாய் ஒருத்தி. ஒரு சொல்லில் ஒரு குடும்பம் அடங்கியிருப்பதை இங்கே காணலாம்.

இத்தகைய சொற்களைக் கண்டு காட்டியவர்கள் உரையாசிரியர்கள். உ. வே. சாமிநாதையர் 1937இல் குறுந்தொகையைத் தம் உரையுடன் வெளியிட்டார். அத்தகைய சான்றோர் பாட்டின் பொருளை ஒருவாறு திரட்டிச் சொல்லி அமைந்தாரல்லர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, 'நீ ஏன் இங்கு வந்தாய்?' என்று வினவுவாரைப் போல ஆராய்ந்தனர். அந்த ஆராய்ச்சி பழம்பாட்டிற்கு மட்டுமே உரியது என்று கருதுதல் பிழை. இன்றைய கவிதைக்கும் அது வேண்டும். ஒருவகையில் இன்னும் மிகுதியாக வேண்டும்.

அதன் காரணத்தை அறியப் புதுக்கவிதை வந்த வழியைச் சிறிது நோக்குதல் நலம். பாரதியார் மரபுப் பாக்களோடு வசன கவிதையும் இயற்றினார். ஓலைப்பந்தலில் தொங்கிய இரண்டு கயிறுகளுக்குக் கந்தன், வள்ளியம்மை என்று பெயரிட்டுக் காற்றின் பெருமையைப் பேசினார். கயிற்றுத் துண்டும் கவிதைக்கு உரியதாயிற்று. அவருக்குப் பின் ந. பிச்சமூர்த்தி அவ்வழியில் நடந்தார். 'மணிக்கொடி' இதழில் 1934இல் வெளிவந்த அவருடைய 'காதல்' என்னும் படைப்பைப் புதுக்கவிதையின் தொடக்கமாகப் பலர் கொள்வர். 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கிப் புதிய கவிஞர்களுக்கு இடமளித்தார். அவர்களுடைய கவிதைகள் 1962இல் 'புதுக்குரல்கள்' என்னும் தொகுப்பாக வெளிவந்தன. பின்வந்த கவிஞர் பலர் தெருவையும் அலுவலகத்தையும் அடுக்களையையும் தம் பாடுபொருளாக்கினர்.

புதுக்கவிதையில் சீரும் தளையும் இல்லை. எதுகையும் மோனையும் கட்டாயம் இல்லை. சொற்களோ நாள்தோறும் வழங்கும் எளிய சொற்கள். ஆதலின், படிப்போர் அதனை நாளிதழ்ச் செய்தியைப் போல ஒருமுறை படித்து ஒதுக்கிவிடுகின்றனர். ஓசையின் துணை இல்லாத கவிதையில் ஒவ்வொரு சொல்லும் தன் தோளிலேயே முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டியிருக்கிறது. எளிய சொல் என்று விரைந்து கடந்தால், அது சுமந்து வந்தது வழியிலேயே விழுந்துவிடும்.

ஆகவே, புதுக்கவிதையைப் படிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். கூறுபவர் யார், எந்நிலையில் நின்று கூறுகிறார் என்பது முதல் வினா. வேறு சொல் இருக்க இச்சொல் ஏன் வந்தது என்பது இரண்டாவது வினா. கூறாமல் விடப்பட்டது யாது என்பது மூன்றாவது வினா. சொல்லின் பொருள் வெளிப்படையாகவும் தோன்றும், குறிப்பாகவும் தோன்றும் என்று தொல்காப்பியர் வகுத்துள்ளார். மூன்றாவது வினா அக்குறிப்பைத் தேடுவதாகும்.

இம்மூன்று வினாக்களையும் பயில்வதற்கென இப்பாடத்திற்காக அமைத்த சிறு கவிதை ஒன்று வருமாறு:

எல்லோர்க்கும் பரிமாறிக்
கூடத்து விளக்கை அணைத்தாள் அம்மா.
பாயில் படுத்திருந்த எனக்குப்
பானையின் அடியைக் கரண்டி
சுரண்டும் ஓசை கேட்டது.

மேலோட்டமாகப் படிப்பவர், 'இரவு உணவு முடிந்தது. பாத்திரத்தின் ஓசை கேட்டது' என்று கூறி அமைவர். வினவிப் படிப்பவருக்கு இது போதாது.

கூறுபவர் அவ்வீட்டுப் பிள்ளை. உண்டு முடித்துப் படுத்தாயிற்று; விளக்கும் அணைந்தது. இனிக் கண்ணுக்கு வேலை இல்லை. கண்ணெதிரே நடந்தபோது காணாத ஒன்றை, இருளில் செவி கண்டுகொள்கிறது.

அடுத்துச் சொற்களை நோக்குவோம். 'கேட்டேன்' என்று கூறாமல் 'எனக்குக் கேட்டது' என்று அப்பிள்ளை கூறுவது ஏன்? 'கேட்டேன்' என்றால் கருத்தூன்றிக் கேட்டதாகும். 'கேட்டது' என்றால் ஓசை தானே வந்து செவியில் விழுந்ததாகும். பிள்ளை அதனைத் தேடவில்லை. இதற்கு முன்னும் எத்தனையோ இரவுகளில் அது விழுந்திருக்கலாம். 'சுரண்டும்' என்னும் சொல்லோ பானையில் எஞ்சியது எவ்வளவு என்பதை அளந்து காட்டுகிறது. சோறு நிறைந்த பானையில் கரண்டி அள்ளும், சுரண்டாது. மேலும், இரண்டாம் தொடரில் அம்மா என்னும் சொல்லே இல்லை. சுரண்டுவது கரண்டி என்றே உள்ளது. விளக்கு அணைந்ததும் அன்னையும் மறைந்து, அவள் கைக்கருவி மட்டுமே எஞ்சிவிட்டது.

கூறாமல் விடப்பட்டது யாது? அன்னை உண்டாளா, அவளுக்குச் சோறு போதுமானதாக இருந்ததா என்பதைக் கவிதை கூறவில்லை. இறுதி அடியைப் படித்தபின் முதற்சொல்லிற்குத் திரும்பினால் அது வேறு பொருள் தருகிறது. எல்லோர்க்கும் பரிமாறினாள் என்றது. அந்த 'எல்லோரில்' அவள் இல்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். குறிப்பைத் தேடுகிறோம் என்று கவிதையில் இல்லாததை ஏற்றிக் கூறலாகாது. 'இது வறுமையைப் பற்றிய கவிதை' என்று ஒருவர் கூறலாம். வறிய வீடு என்பதற்கு இதில் சொல் உண்டா? இல்லை. சோறு குறைந்தது ஓர் இரவிலா, ஒவ்வோர் இரவிலுமா என்பதற்கும் சொல் இல்லை. 'கணவனும் மக்களும் கொடியவர்' என்று மற்றொருவர் கூறலாம். அதற்கும் சான்று இல்லை. அவர்கள் அறியாதிருந்தனர் என்று கொள்வதற்கே சொற்கள் இடம் தருகின்றன. சொல் காட்டும் எல்லைவரை செல்லுதலும், அதனைக் கடவாது நிற்றலும் நல்ல படிப்பின் இலக்கணமாகும்.

இவ்வாறு படிப்பதனால் விளையும் பயன் யாது? தேர்வில் மதிப்பெண் பெறுதல் சிறுபயனே. இக்கவிதையை வினவிப் படித்த மாணவன் அன்றிரவு தன் வீட்டில் உண்டு எழும்போது, அடுக்களைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். 'அம்மா, உனக்கு இருக்கிறதா?' என்று கேட்கவும் கூடும். அவ்வாறு கேட்குமாறு கவிதை அவனுக்கு அறிவுரை கூறவில்லை. நாள்தோறும் செவியில் விழுந்தும் அவன் கேளாதிருந்த ஓசை ஒன்றை அவனைக் கேட்கச் செய்தது, அவ்வளவே. அறநூல் வெளிப்படக் கூறுவதைக் கவிதை குறிப்பால் உணர்த்திவிடுகிறது.

கூடலூர் கிழார் பாடிய அடுக்களைக்கும் இக்கவிதையின் அடுக்களைக்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் உள்ளன. அங்கே புகை படிந்த கண்களை ஒரு செவிலி கண்டாள். இங்கே கரண்டியின் ஓசையை ஒரு பிள்ளை கேட்டது. இரண்டிலும் சமைத்தவள் தன் துன்பத்தைத் தானாக எடுத்துரைக்கவில்லை. பேசாதவரின் நிலையை உணர்வதற்குக் கூர்ந்த கண்ணும் செவியும் வேண்டும். அவற்றைப் பயிற்றும் பள்ளியே கவிதை. ஒரு சொல்லின்முன் பொறுமையுடன் நிற்கக் கற்றவன், ஒரு மனிதரின் முன்னும் அவ்வாறே நிற்கக் கற்றுக்கொள்வான்.